சம்மனசுக்கு எலும்பு இல்லை

என் அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மறைக்கல்வி வகுப்பை முடித்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். நீ கோயில் படியில் நின்றாய். அன்றைய பாடம் காவல் சம்மனசு, புதுப் புத்தகத்தில் காவல் தூதர். ஜன்னலோரம் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறாய் என்பது உன் முகத்தைப் பார்த்ததும் விளங்கியது. "அப்பா, ஒண்டு கேக்கட்டா?" என்றாய். "கேள் மனே" என்றேன். "ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சம்மனசு எண்டு சொல்லிக் குடுக்கிறீங்க. பனிச்சங்கேணியில அண்டைக்கு என்ர சம்மனசு எங்க நிண்டது?"

நீ கோபத்தோடு கேட்கவில்லை. கோபத்தோடு கேட்டிருந்தால் நானும் கோபித்துக்கொண்டு ஏதாவது சொல்லியிருப்பேன். பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற மாதிரிக் கேட்டாய். நான், "மழை வரப்போகுது, நட" என்றேன். கல்குடா வீதி முழுக்க நீ எனக்கு முன்னால் நடந்தாய், நான் பின்னால் வந்தேன். வருகிற வியாழக்கிழமை நீ இத்தாலிக்குப் போகிறாய், வயது போனவர்களைப் பராமரிக்கிற வேலைக்கு. அதற்கு முன் உனக்குப் பதில் சொல்ல வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் வாய் ஓயாமல் கதைக்கிற எனக்கு உன் ஒருத்திக்கு முன்னால் நாக்கு எழும்பவில்லை. ஆகவே எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதமும் இல்லை. ஒரு பிரதி பங்குச் சுவாமிக்கு, ஒரு பிரதி உன்னைக் கட்டின ஜெரோமின் தாய்க்கு. ஏன் என்பது போகப்போக விளங்கும்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். கிழமை நாட்களில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வேதம் படிப்பிக்கிறவன். எல்லாப் பாடத்திலும் எனக்குப் பிடித்தது சம்மனசுகளைப் பற்றிய பாடந்தான். சிறகும் நீள அங்கியும் படம் வரைகிறவர்கள் போட்டவை என்று சொல்லுவேன். சம்மனசுக்கு உடம்பு இல்லை. இரத்தம் இல்லை, எலும்பு இல்லை, பசி இல்லை, சாவு இல்லை. அறிவும் விருப்பமும் மட்டும் உள்ள ஆவி. செத்துப்போன மனிதர் யாரும் சம்மனசு ஆவதில்லை. அவர்கள் வேறு படைப்பு, நாங்கள் வேறு படைப்பு. அந்தப் பெயரே அவர்களுடைய வேலையின் பெயர்: தூது கொண்டு போகிறவர். அனுப்பினவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதோடு, சாதுவான பிறவிகள் என்றும் நினைத்துவிடாதீர்கள் என்பேன். தோட்டத்து வாசலில் நெருப்பு வாளோடு நின்றவர் சம்மனசு. ஒரு படை முகாமையே ஒரே இரவில் பிணமாக்கினவர் சம்மனசு. யாக்கோபோடு விடியும்வரை மல்லுக்கட்டி இடுப்பு மூட்டைப் பிசகப்பண்ணினவரும் அவர்களில் ஒருவர் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வாள் என்றதும் வகுப்பு விறைத்து உட்காரும். அந்த அமைதியில் எனக்கு ஒரு சந்தோசம் வரும். வாளும் அடியும் சொல்லும்போது என் குரல் உயர்வதை நான் கவனித்ததில்லை. உன் அம்மா கவனித்திருக்கிறாள்.

ஏனென்றால் நானும் கை நீட்டினவன்தான். உனக்கு நான்கு வயது இருக்கும். ஓட்டமாவடியில் ஒருவருடைய எஞ்சினைப் பிழையாகப் பூட்டிவிட்டு, பத்துப் பேருக்கு முன்னால் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தேன். சோற்றில் கல் கிடந்தது. அவ்வளவுதான் காரணம். உன் அம்மாவின் வாயில் புறங்கையால் அடித்தேன். உதடு வெடித்து, சட்டையில் ரத்தம் சொட்டியது. நீ அழவில்லை. கிணற்றடிக்குப் போய் ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அதற்குப் பிறகும் இரண்டு தரம் அடித்திருக்கிறேன். பாவமன்னிப்புக் கேட்கும்போது "கோபப்பட்டேன் சுவாமி" என்று சொல்லுவேன். கோபம் என்ற சொல்லுக்குள் உன் அம்மாவின் உதடு இல்லை. கலியாணம் கட்டி ஐந்தாம் மாதம் நீ அடிபட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, வாசலில் நின்று என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலால் அம்மாவைத்தானே பார்த்தாய்? அதற்குக் காரணம் அந்த நாலு வயதுப் பிள்ளை கண்டதுதான் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஜெரோமை உனக்குப் பார்த்தது நான். பனிச்சங்கேணியில் இறால் பண்ணை மேற்பார்வையாளர், குடிக்க மாட்டான், கோயிலுக்கு ஒழுங்காக வருவான் என்று சுவாமியிடம்கூடக் கேட்காமல் நானே சொன்னேன். மூன்று மாதத்தில் முதல் அடி விழுந்திருக்கிறது. நீ சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் பஸ்ஸில் வந்து இறங்கினாய். கழுத்தைச் சுற்றிச் சால்வை. அம்மா சால்வையை எடுத்தாள். ஐந்து விரலும் கழுத்தில் நீலமாகப் பதிந்திருந்தன. கீழே ஒரு பல் ஆடியது. வயிற்றில் இரண்டு மாதப் பிள்ளை. "அப்பா, இனி அங்க போகமாட்டன். கழுத்த நெரிச்சிட்டுச் சிரிக்கான்" என்றாய்.

நான் என்ன செய்தேன்? வேதத்தை எடுத்தேன். ஆபிரகாமின் வீட்டில் அடிமையாக இருந்த ஆகார், வயிற்றுப் பிள்ளையோடு கொடுமை தாங்காமல் ஓடினாள். வனாந்தரத்தில் ஒரு நீரூற்றின் அருகே ஆண்டவருடைய சம்மனசு அவளைக் கண்டார். எசமானியிடம் திரும்பிப் போய் அவளுக்கு அடங்கி நட என்றார். வேதத்தில் சம்மனசு முதன்முதலாகத் தூதோடு வருகிற இடமே அதுதான் என்று உனக்குப் பாடம் வேறு நடத்தினேன். "பாத்தியா மனே, ஓடினவள ஆண்டவர் கைவிடல்ல. ஆனா திரும்பிப் போகத்தான் சொன்னார். நீ போ. உன்ர காவல் சம்மனசு உன்ர கால் கல்லில இடறாமத் தாங்கும்." அம்மா குசினிக்குள்ளிருந்து, "இஞ்சேருங்க, அந்தப் புள்ளட கழுத்த ஒருக்காப் பாத்திட்டுப் படிங்க" என்றாள். நான் பார்க்கவில்லை. அன்று பின்னேரமே உன்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் ஜெரோமின் படலையில் இறக்கினேன். அவன் எனக்குத் தேத்தண்ணி தந்தான். குடித்தேன்.

மகளே, வேதம் படிப்பிக்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய மூன்று காரியங்களை அன்று நான் மறைத்தேன். ஒன்று, அந்தச் சம்மனசு முதலில் கட்டளை சொல்லவில்லை. எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்டார். நான் உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மற்றது, ஆகாரிடம் சம்மனசு இரண்டு தரம் வந்தார். இரண்டாம் தரம் அவள் பிள்ளையோடு வனாந்தரத்தில் சாகக் கிடந்தபோது, திரும்பிப் போ என்று சொல்லவே இல்லை. பயப்படாதே, பிள்ளையைத் தூக்கு என்றார். அவளுக்குக் கிணறு தெரிந்தது. நான் அந்தப் பாதியை உனக்குச் சொல்லவில்லை. மூன்றாவது காரியத்தைத்தான் எழுதக் கூசுகிறது. சம்மனசு உன் காலைக் கல்லில் இடறாமல் தாங்கும் என்ற அந்த வசனத்தை வேதத்தில் வேறு ஒருவன் ஒரு ஆளைத் தள்ளிவிடுவதற்காகச் சொல்லியிருக்கிறான். ஆண்டவரை ஆலயத்து உச்சியில் கொண்டுபோய் நிறுத்திக் கீழே குதி, தாங்குவார்கள் என்று சொன்னவன் சாத்தான். அவனும் ஒரு காலத்தில் சம்மனசுதான். உன்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்தபோது நான் யாருடைய வசனத்தைச் சொல்லிக்கொண்டு போனேன் என்று பார்.

பிள்ளை போனது அதற்கு மூன்று மாதம் கழித்து. சோறு ஆறிப்போயிற்று என்று உன்னைச் சுவரில் சாத்தி, ரப்பர் பூட்ஸ் போட்ட காலால் வயிற்றில் உதைத்திருக்கிறான். ஒரு தரம் இல்லை. எத்தனை தரம் என்று நீ ஆஸ்பத்திரியில் தாதிக்குச் சொன்னபோது நான் திரைக்கு வெளியே நின்று கேட்டேன். ஐந்து மாதப் பெண் குழந்தை. ஒரு துவாயில் சுற்றித் தந்தார்கள். என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் உன் கட்டிலைச் சுற்றி நின்று அழுதார்கள். "அழாத கா, அது இப்ப சம்மனசா ஆண்டவரிட்ட நிக்கும்" என்று ஒருத்தி உன் தலையைத் தடவினாள். உன் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. நான் அந்த இடத்தில் வாயைத் திறந்தேன். "மனுசர் சம்மனசாகிறதில்ல. அது பிழையான போதனை" என்றேன். பாடத்தின்படி நான் சொன்னது சரி. ரத்தம் நிற்காமல் கிடந்த மகளுக்கு முன்னால் ஒரு தகப்பன் அதைச் சொன்னான். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். அம்மா என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, விறாந்தையில் எல்லாரும் பார்க்க, என் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். "நீங்க படிச்ச வேதத்தில பொம்புளைக்கு ஒரு சொட்டுத் தண்ணியும் இல்லையா? இல்லையா?" என்று கேட்டுக் கேட்டுக் குத்தினாள். நான் நின்று வாங்கினேன். ஆனால் அதற்குப் பிறகும், ஜெரோம் வந்து என் காலில் விழுந்து அழுதபோது, அவன் திருந்திவிட்டான் என்று உன்னை மறுகாவும் அனுப்பினவன் நான்தான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். காலை பத்து மணி இருக்கும். வாழைச்சேனையில் ஒரு எஞ்சினின் அடிப்பாகத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உன் பக்கத்து வளவுக் கமலா போன் எடுத்தாள். "ஐயா, உங்கட மகள அடிச்சுக் கொல்றான். சுறுக்கா வாங்க" என்றாள். போனுக்குள் உன் சத்தம் கேட்டது. கையில் இருந்த பைப் றென்ச்சைக் கீழே வைக்கவில்லை. மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியின் மேல் குறுக்கே வைத்துக்கொண்டு ஓடினேன். ஒரு முழ நீள இரும்பு. வழி முழுக்க நான் செபிக்கவில்லை. அவனை எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு போனேன்.

குசினிக்குப் பின்னால் சீமெந்துத் தரையில் நீ கிடந்தாய். உன் தலைமயிரை அவன் கயிறு சுற்றுகிற மாதிரி இடது கையில் சுற்றிப் பிடித்திருந்தான். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் நூலாக வடிந்தது. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. என் கண் முன்னால், பூட்ஸ் காலால் அந்தத் தாடையில் மறுகாவும் உதைத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் கமலா கத்திக்கொண்டு நின்றாள். நான் கத்தவில்லை. பின்னால் போய், மயிரைப் பிடித்திருந்த கையின் முழங்கையில் முதல் அடி அடித்தேன். எலும்பு முறிந்து தோலுக்கு வெளியே வெள்ளையாக வந்தது. உன் மயிர் விடுபட்டது. அவன் திரும்பினான். இரண்டாவது அடி முழங்காலில். விழுந்தான். "மாமா, மாமா" என்று தரையில் ஊர்ந்தான். இந்த இரண்டு அடியையும் நான் பொலிசில் ஒப்புக்கொண்டேன். மகளைக் காப்பாற்ற அடித்தேன் என்றேன். அது உண்மை.

மூன்றாவது அடி உன்னைக் காப்பாற்ற இல்லை. அவன் விழுந்துவிட்டான். அவனால் இனி உன்னைத் தொட முடியாது. இரண்டு கையாலும் இரும்பைத் தலைக்கு மேலே தூக்கினேன், அவன் மண்டையைப் பிளக்க. இந்த இடத்தில் ஊர் ஒரு கதை சொல்கிறது, உனக்குத் தெரியும். என் கையைச் சம்மனசு பிடித்தது என்று. அந்தக் கதையைச் சொன்னவன் நான். காவல் சம்மனசுகளின் திருநாளில் சுவாமி என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். ஓங்கின கையை ஒருவர் பின்னாலிருந்து பிடித்தார், திரும்பிப் பார்த்தேன், ஆளில்லை என்று சொன்னேன். கோயில் முழுக்க அழுதது. பூசை முடிந்ததும் ஒரு தாய் காய்ச்சல்காரப் பிள்ளையைக் கொண்டுவந்து, அந்தக் கையைப் பிள்ளையின் நெற்றியில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். அந்தக் கையைத்தான் வைத்தேன்.

உண்மை இது: என் கையை ஒருவரும் பிடிக்கவில்லை. முழுப் பலத்தோடும் இறக்கினேன். நீ எப்படி வந்தாய், எப்போது வந்தாய் என்று நான் காணவில்லை. தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு வந்து அவனுக்கு மேலே விழுந்திருக்கிறாய். என் அடி உன் வலது தோளில் விழுந்தது. முப்பது வருடமாக இரும்போடு வேலை செய்கிறேன். இரும்பு எதில் பட்டால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. உன் காறை எலும்பு இரண்டாகப் போயிற்று. தாடை உடைந்த வாயால் நீ போட்ட கத்தலில் சொல் இல்லை. நான் இரும்பைப் போட்டுவிட்டு உன்னைத் தூக்கினேன். தூக்கும்போது அந்தக் கை துணி மாதிரித் தொங்கியது. கமலா ஓட்டோ கூப்பிட ஓடினாள். அவள் கண்டாளா இல்லையா என்று இன்றைக்கும் நான் கேட்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் மூன்றாம் நாள், தாடையைக் கம்பி போட்டுக் கட்டின பிறகு, நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "அவனுக்காக ஏன் குறுக்க விழுந்தாய்?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி. கேட்டேன். நீ இடது கையால் கோணல் கோணலாக ஒரு கடதாசித் துண்டில் எழுதினாய்: "அவனுக்காக இல்ல. நீங்க அவனக் கொன்னுட்டு மறியலுக்குப் போனா என்னை ஆர் வீட்ட கூட்டிட்டுப் போற?" அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது. இரண்டு தரம் உன்னைச் சாவுக்குத் திருப்பி அனுப்பின தகப்பன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவான் என்று நீ அந்த நேரத்திலும் நம்பியிருக்கிறாய்.

அன்றிலிருந்து ஊரில் உன் தோளைப் பற்றி இருந்த பேச்சு பொய் என்று எனக்குத் தெரியும். தோளையும் ஜெரோம்தான் உடைத்தான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. நீதவானுக்கு முன்னால் அரச சட்டத்தரணி "உம்மை அடித்தது யார்?" என்று கேட்டார். "என்ர வீட்டுக்காரர்" என்றாய். அது பொய் இல்லை. தோளைத் தனியாக ஒருவரும் உன்னிடம் கேட்கவில்லை. நீ பொய்ச் சாட்சி சொன்னவள் இல்லை. இதை நான் பொலிசுக்கு அனுப்பின கடிதத்திலும் எழுதியிருக்கிறேன். ஆனால் குற்றவாளிக் கூட்டில் நின்ற ஜெரோம், "தோள் மாமா அடிச்சது ஐயா" என்றான். மன்றில் ஒரு சிரிப்பு எழும்பியது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவன் சிறைத்தண்டனை பெற்று மறியலுக்குப் போனான். போக வேண்டியவன்தான். உன் கழுத்துக்கும் உன் பிள்ளைக்கும் உன் தாடைக்கும் அவன் அனுபவித்தது காணாது. ஆனால் தோள் அவனுடையது இல்லை.

அவன் தாய் திரேசாக்கா தீர்ப்புக்குப் பிறகு எங்கள் படலைக்கு வந்தது உனக்குத் தெரியாது. நீ ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போயிருந்தாய். படலைக்கு வெளியே நின்றுகொண்டே, "நான் அவனுக்காகக் கதைக்க வரல்ல. அவன் செஞ்சதுக்கு அவன் கிடக்கட்டும். அந்தத் தோள மட்டும் தான் உடைக்கல்லயெண்டு என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிறான். உண்மையச் சொல்லுங்க" என்றாள். நான், "என்ர கையைப் பிடிச்ச சம்மனசு சாட்சி. அவன்தான் அடிச்சான்" என்றேன். படலையைச் சாத்தினேன். சம்மனசைப் பொய்க்குச் சாட்சி கூப்பிட்டவனுக்கு என்ன பெயர் என்று என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லுவார்கள்.

மூன்று வருடம் இப்படியே போனது. நீ சாப்பிடப் பழகினாய், கதைக்கப் பழகினாய், பராமரிப்பு வேலை படித்தாய். வலது கை தோளுக்கு மேலே எழும்பாது என்று தெரிந்தும் நீ கொடியில் துணி போடுகிறபோது நான் ஓடிவந்து வாங்குவேன். நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன மாதம் வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் படிவத்தை மேசையில் வைத்து நிரப்பினாய். பழைய முறிவு, காரணம் என்று ஒரு இடம். பேனையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் வெற்றிலைத் தட்டைப் பார்த்தேன். "கிணத்தடியில விழுந்தது" என்று எழுதினாய். வேலை பறிபோகக் கூடாது என்று எழுதினாயா, எனக்காக எழுதினாயா என்று எனக்குத் தெரியாது. அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதற்குப் பிறகு வகுப்பில் நிம்மதியாக நிற்க முடியவில்லை. பிறகு நீ கோயில் படியில் நின்று கேட்டாய்.

இந்தச் செவ்வாய்க்கிழமை திரேசாக்காவிடம் போனேன். முற்றத்தில் சட்டியை வைத்துக்கொண்டு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாம் சொன்னேன். அவள் உரிக்கிறதை நிறுத்தவில்லை. சொல்லி முடிந்ததும் எழும்பி, இறால் கையாலேயே என் கன்னத்தில் அறைந்தாள். மறுகாவும் அறைந்தாள். "மூணு வருசமா என்ர மகன முழு மிருகமெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கன். இப்பவும் மிருகந்தான். ஆனா அதில ஒரு அடி உன்ர அடி. உன்ர அடியையும் சேத்து நான் சுமந்திருக்கன்" என்றாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "அந்தப் புள்ளைக்குத் தோள் இப்ப எப்பிடி?" என்று கேட்டாள். நான் அங்கே நின்று அழுதேன்.

அடுத்த நாள் சுவாமியிடம் போய் அந்தத் திருநாள் சாட்சி பொய் என்று சொன்னேன். வருகிற ஞாயிறு பூசையில் அதை நானே சொல்ல வேண்டும் என்று கேட்டேன், சரி என்றார். வகுப்பை விட்டுவிட்டேன். நீ இதை வாசிக்கும்போது வெள்ளைச் சேட்டு அலுமாரியில் கிடக்கும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உன் சம்மனசு அன்றைக்கு எங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது. வேதம் சொல்கிறபடி, சிறியவர்களின் சம்மனசுகள் எப்போதும் ஆண்டவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதை நான் இன்னும் நம்புகிறேன். உன் கழுத்தையும் வயிற்றையும் தாடையையும் கண்ட ஒருவர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றால், நான் மறைத்தது ஒன்றும் அங்கே மறைந்திருக்காது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி இனிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் நான் எங்கே நின்றேன் என்று எனக்குத் தெரியும். முதல் தரம் ஜெரோமின் வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். இரண்டாம் தரம் ஆஸ்பத்திரித் திரைக்கு வெளியே நின்றேன். மூன்றாம் தரம் உனக்கு மேலே இரும்போடு நின்றேன். உன்னைக் காக்கவென்று ஊரறிய வைக்கப்பட்ட ஆள் நான். சம்மனசு வரவில்லை என்று நீ கேட்கிற கேள்வியில் பாதி என்னைப் பார்த்துக் கேட்க வேண்டியது.

நான் உண்மையைச் சொன்ன பிறகு உன்னைப் பார்த்து ஊரில் யாராவது, நீதான் உன் அப்பாவின் கையை நிறுத்தின சம்மனசு என்று சொல்லுவார்கள். சொல்ல விடாதே. அது இனிப்பான பேச்சு. என் குற்றத்தை மூடுகிற பேச்சு. சம்மனசுக்குத் தோள் இல்லை, உடைவதற்கு எலும்பு இல்லை, உதைபடத் தாடை இல்லை, பிள்ளையை இழக்க வயிறு இல்லை. அவர்கள் சாக மாட்டார்கள், ஆகையால் அவர்களுக்குக் குறுக்கே விழுவது பெரிய காரியம் இல்லை. உனக்கு அது உயிர். நீ மனுசி. அதைவிடப் பெரிய பெயரை உனக்கு யாரும் தரத் தேவையில்லை.

அங்கே நீ வேலை செய்யப்போகிற வீட்டில், கிழவரோ கிழவியோ அவர்களுடைய பிள்ளைகளோ, யாராவது உன் மேல் கை ஓங்கினால், முதல் தரமே வெளியே போ. பொறு என்று யார் சொன்னாலும், வேதத்தைக் காட்டிச் சொன்னாலும், நானே போன் எடுத்துச் சொன்னாலும் கேட்காதே. மறுகா ஒருவனோடு வாழ வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நீயே பார்த்துக் கட்டு. வேண்டாம் என்றால் வேண்டாம். என்னை மன்னிப்பாய் என்று எதிர்பார்த்து இதை எழுதவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன். தருவதும் தராமல் விடுவதும் உன்னுடைய காரியம், அதற்கு அவசரமும் இல்லை.

வியாழக்கிழமை உன்னை வழியனுப்ப நான் வர முடியாது. பொலிசில் அன்றைக்குக் காலைதான் வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். வேறு நாள் கேட்டிருக்கலாம். கேட்டால் பிறகு போக மாட்டேன் என்று பயமாக இருந்தது. உள்ளே வைப்பார்களோ விட்டுவிடுவார்களோ என்று சட்டத்தரணிக்கும் சொல்லத் தெரியவில்லை. அம்மாவும் கமலாவும் வாடகை வாகனத்தில் உன்னோடு கட்டுநாயக்க விமான நிலையம் வரைக்கும் வருவார்கள். விமானத்துக்குள் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி வைக்க வேண்டியிருக்குமாம். அந்தக் கையால் தூக்காதே. பக்கத்தில் நிற்கிற யாரையாவது கேள். கூச்சப்படாமல் கேள், தூக்கித் தருவார்கள்.

அப்பா